உதட்டோரத்தில் ஒரு நமநமப்பு

தப்பா எடுத்துக்காத தாயி. பிள்ளைய நீட்டுன, நான் வாங்கல. ஒக்காந்திருக்கவ நிக்கிறவ பிள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிறதுதான நம்ம பக்கத்து வழக்கம், இதுகூடத் தெரியாத ஜென்மமான்னு நெனச்சிருப்ப. நான் வேற சன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒனக்குச் சுருக்குன்னு இருந்துருக்கும். இல்லன்னு சொல்லாத, இருந்துருக்கும். சரி, செக்கானூரணிக்காரரு எறங்கிட்டாரு, ஒனக்கும் எடம் கெடச்சிருச்சு. நல்லா சாஞ்சு ஒக்காரு. பிள்ளை தலைய மட்டும் அந்தப் பக்கமா வச்சுக்க. என் பக்கம் காலு இருக்கட்டும்.

மாஸ்க்கு எதுக்குன்னு பாக்குறியா? சளியெல்லாம் இல்ல. எனக்கு ஒதட்டுல புண்ணு வரப் போகுது. வரல இன்னும், வரப் போகுது. கண்ணாடியில பாத்தாத் தெரியாது, தொட்டாலும் ஒண்ணும் இருக்காது. இந்தா, இந்த வலது ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி நமநமங்கும். இன்னைக்கு நமநமன்னா நாளைக்குக் கடுகு கடுகாக் கொப்புளம். மூணாம் நாளு ஒடஞ்சு தண்ணி வடியும். எட்டாம் நாளு பொறுக்குத் தட்டும். முப்பது வருசமா வருது எனக்கு. வெயில்ல அலைஞ்சா வரும், தூக்கங் கெட்டா வரும், மனசுல ஒண்ணு கெடந்து உருண்டா வரும். இந்த நமநமப்பு ஒரு தடவகூட என்னைய ஏமாத்துனது இல்ல. இதை ஞாபகம் வச்சுக்க. ஒரு தடவகூட இல்ல.

என் பேரு தனபாக்கியம். பேரச் சொன்னா எங்க ஏரியாவுல யாருக்கும் தெரியாது, மெடிக்கலக்கான்னாத்தான் தெரியும். மதுரையில ஒரு மருந்துக் கடையில முப்பது வருசமா நிக்கிறேன். டாக்டருகிட்டப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் எங்கிட்டத்தான் வருவாக. வாயில புண்ணுன்னு வந்தா நான் நிமுந்துகூடப் பாக்க மாட்டேன். சூடு, எளநி குடி, பி காம்ப்ளக்ஸ் பத்து நாளைக்குப் போடுன்னு குடுத்துருவேன். எனக்கு வந்தா நாமக்கட்டிய எழச்சுப் போட்டுக்கிருவேன். ஒரு தடவ சட்டிபானை செய்யுற வேளார் வீட்டுல போயி காவியில அக்கிகூட எழுதிக்கிட்டேன். மொகமெல்லாம் செவப்பாக் கடைக்குப் போனேன், மொதலாளி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. இதுக்குன்னே ஒரு களிம்பு இருக்கு தாயி. என் தலைக்கு மேல மூணாவது ரேக்குலதான் இருந்துச்சு. அதை அக்கிக் களிம்புன்னு சொல்லி எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன்! என் ஒதட்டுக்கும் அதுதான் மருந்துன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. எனக்கு யாரு சொல்லுவா? நாந்தான எல்லாருக்கும் சொல்றவ.

எங்க போறேன்னு கேட்டீல்ல? ஒத்தப்புளி விலக்கு. உசிலம்பட்டி தாண்டி வரும். எங்க குலசாமி கோயிலுக்கு அங்கதான் பாதை பிரியும். என் தம்பி மகனுக்கு இன்னைக்கு மொட்டை, காது குத்து. பதினோரு மாசம் ஆகுது பிள்ளைக்கு, ரெண்டு நாளுப் பிள்ளையில பாத்தது. அதுக்கப்பறம் கண்ணுல காட்டல. இப்பத்தான் கூப்பிட்டிருக்காக. அதுவும் சும்மா இல்ல. பேரு வைக்கிறது இருக்குல்ல, அத்தைக்காரிதான பிள்ளை காதுல மூணு தடவ சொல்லணும். சர்ட்டிபிகேட்டுல பேரு ஏறியாச்சு, ஆனா காதுல இன்னும் யாரும் சொல்லல. எனக்குன்னு வச்சிருக்காக. அக்கா, நீ வந்து சொல்லிக் குடுன்னு போன வாரம் தம்பி போன் போட்டான். பிள்ளைக்குப் பேரு இளமாறன். எங்க அப்பா பேரு மாறன். ஒரு வாரமா வீட்டுல தனியா ஒக்காந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். காதுக்கு வலிக்காம, ஆனா விழுகணும்ல, அந்த அளவுக்கு. மாடியில ஒத்த ரூமு எனக்கு. கீழ் வீட்டுக்காரம்மா யாரு வந்திருக்கா ஒங்க வீட்டுக்குன்னு கேட்டுச்சு. தம்பி மகன்னுட்டேன்.

சந்தோசந்தான். சந்தோசத்துலதான் தூக்கம் கெட்டுச்சு. இன்னைக்குக் காலையில காபியத் தூக்குறேன், வலது ஓரத்துல நமநமங்குது.

களிம்பப் போட்டேன். இப்பல்லாம் எனக்கு எல்லாம் தெரியும். நமநமங்கும்போதே போட்டாத்தான் கேக்கும், கொப்புளம் வந்தப்பறம் போட்டா அது பாட்டுக்கு ஆறும், களிம்பு பேர் வாங்கிக்கிரும். போட்டதும் கையச் சோப்புப் போட்டுக் கழுவணும். அந்தக் கையால கண்ணத் தொடக்கூடாது. துண்டு தனி, டம்ளரு தனி. பொறுக்கப் பிய்க்கக் கூடாது. ஐஸ்கட்டியத் துணியில சுத்தி ஒத்தணும், எரிச்சல் அடங்கும். ஒனக்கு எப்பவாச்சும் வந்தா ஆறுற வரைக்கும் பிள்ளைக்கு முத்தம் குடுத்துறாத. வராதுங்கிறியா? நல்லது. வராமலே இருக்கட்டும்.

அதான் தாயி, ஒத்தப்புளி விலக்குல எறங்குறதா வேண்டாமான்னு தெரியாம ஒக்காந்திருக்கேன்.

தள்ளி நின்னுக்கிற வேண்டியதுதானங்கிற. அவ்வளவுதான்னா நான் ஏன் இந்த முழி முழிக்கிறேன்? மொதல்லேருந்து சொல்றேன், கேளு. உசிலம்பட்டி வர இன்னும் நேரம் இருக்கு.

தம்பி பேரு ஜெயக்கொடி. எங்கம்மா சாகையில அவனுக்கு ஆறு வயசு, எனக்குப் பதினெட்டு. அப்பா இருந்தாரு, இருந்தாருன்னு சொல்லிக்கலாம். அவன வளத்து, படிக்க வச்சு, நான் கழுத்த நீட்டாம நின்னுபோயி, அதையெல்லாம் சொல்லிக் காட்டுறவ இல்ல நான். சொல்லிக் காட்டுறது எனக்குப் பிடிக்காது. அவனுக்கு நாந்தான் பொண்ணு பாத்தேன். சிவரஞ்சனி. நல்ல பொண்ணு. கொஞ்சம் அழுத்தம், ஆனா நல்ல பொண்ணு. ஒம்போது வருசம் பிள்ளை இல்ல. எந்த மாத்திரைய எந்த நேரத்துல போடணும்னு தெனம் போன் பண்ணிச் சொல்லுவேன். தெனமும் எதுக்கு மதினி, சீட்டுல எழுதியிருக்கேம்பா. சீட்டுல ஆயிரம் எழுதியிருக்கும், சொல்ல ஆளு வேணும்ல?

பத்தாவது வருசம் பெறந்தான். ஆம்பளப் பிள்ளை. மூணு கிலோ.

இப்பச் சேனை வைக்கணும். நீயும் வச்சிருப்பீல்ல? சீனித் தண்ணியத் தொட்டு மொத மொத நாக்குல வைக்கிறது. வைக்கிறவுக கொணந்தான் பிள்ளைக்கு வரும்பாக. எனக்குன்னு இந்த ஒலகத்துல என்ன தாயி இருக்கு? என் கொணம் ஒரு பிள்ளைக்கு வரட்டுமேன்னு ஆசப்பட்டேன். அது தப்பா? ரஞ்சனியோட அம்மாவும் முந்தானையில சீனிய முடிஞ்சுக்கிட்டு நிக்குது. அந்தம்மாவுக்கு நாலு பேரன் பேத்தி இருக்கு, நாலுக்கும் அதுதான் வச்சிருக்கு. இதையுமா? ஜெயக்கொடிதான் சொன்னான், எங்கக்கா வைக்கட்டும்னு. எல்லார் முன்னாடியும் சொன்னான்.

நர்சு திட்டுச்சு. தாய்ப்பாலத் தவிர வேற எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதியே போட்டிருக்கு. நானும் நர்சுகிட்ட வாதாடுனேன். முப்பது வருசமா மெடிக்கல்ல நிக்கிறேன், எனக்குத் தெரியாதான்னேன். நர்சு அந்தப் பக்கம் போன ஒடனே பிளாஸ்க்கு மூடியில சீனியக் கரச்சேன். ஆஸ்பத்திரின்னு போட்டிருந்த மாஸ்க்கக் கீழ எறக்கி, வெரலத் தொட்டு நாக்குல வச்சு இனிப்பு சரியாருக்கான்னு பாத்தேன். அதே வெரலத் திரும்பத் தொட்டுப் பிள்ளை நாக்குல வச்சேன். சப்புனான் பாரு. அந்த வெரல விடவே இல்ல. இந்த வெரலுதான்.

மறுநாளு எனக்கு ஒதட்டுல கொப்புளம் வந்துருச்சு. மாஸ்க்குக்குள்ள இருந்துச்சு, யாருக்கும் தெரியல. வழக்கமா வர்றதுதானன்னு நானும் இருந்துட்டேன். அன்னைக்கும் போயிப் பிள்ளையத் தூக்கிப் பாத்துட்டு வந்தேன். அதுக்கப்பறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக.

எட்டாம் நாளு பிள்ளைக்குக் காய்ச்சலு. பாலு குடிக்க மாட்டேங்குறான். ஒம்போதாம் நாளு வலிப்பு வந்து வெட்டி இழுத்துருச்சு. தூக்கிட்டு ஓடுனாக, சேதி கேட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஐசியுல வச்சாக. பெரிய டாக்டரம்மா வெளிய வந்து எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டுச்சு, பிள்ளையத் தூக்குனவுக யாருக்காவது ஒதட்டுல கொப்புளம் இருந்துச்சான்னு. நான் மாஸ்க்க இன்னும் மேல இழுத்து விட்டுக்கிட்டேன். அப்ப ரஞ்சனி, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ, என் பக்கம் திரும்பி, மதினி, மாஸ்க்கக் கழட்டுங்கன்னா.

எல்லார் முன்னாடியும் தாயி. அவங்கம்மா, அவ அண்ணன், எம் மொதலாளி சம்சாரம், அத்தனை பேரும் நிக்கிறாக. வாட்ச்மேன்கூட நின்னான். நான் யாரு? இந்தக் குடும்பத்துக்கே மருந்து எடுத்துக் குடுத்தவ. கழட்டுனேன். பொறுக்குத் தட்டி இருந்துச்சு. ரஞ்சனி பாத்தா ஒரு பார்வை.

நான் சும்மா இருந்தேனா? சண்ட போட்டேன். இது சூட்டுக் கொப்புளம், பி காம்ப்ளக்ஸ் போட்டாப் போயிரும், இதுக்கும் பிள்ளை காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்னு டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். டாக்டரம்மா கோவப்படல. கோவப்பட்டிருந்தா நல்லா இருந்துருக்கும். பெரியவுகளுக்கு இது ஒண்ணும் செய்யாதும்மா, பச்சப் பிள்ளைக்கு மூளை வரைக்கும் ஏறிரும்னு மெதுவாச் சொல்லுச்சு. என்ன மருந்து ஏத்தப் போறோம்னு பேரும் சொல்லுச்சு. மூணாவது ரேக்கு. அதே பேரு.

இருபத்தியோரு நாளு ஊசி. பொழச்சுக்கிட்டான். கண்ணு காது எல்லாம் நல்லா இருக்காம். நடக்கப் பழகுறானாம். எல்லாம் போன்ல கேட்டதுதான். ஆஸ்பத்திரி வாசல்ல இருபத்தியோரு நாளும் போயி நின்னேன், உள்ள விடல. வீட்டுக்குப் போனா ரஞ்சனி கதவத் தெறந்து, அவரு வெளிய போயிருக்காரு மதினிங்கும். கதவு பாதிதான் தெறந்திருக்கும். நான் என்ன அவரையா பாக்க வந்தேன்? இப்பிடிப் பதினோரு மாசம். பொங்கலு வந்துச்சு, போச்சு. ஒரு ஆளுக்குப் பொங்க வைக்கணும்னா எவ்வளவு அரிசி போடுறதுன்னே எனக்குத் தெரியல. ஒரு கொப்புளத்துக்காக ஒரு மனுசிய இப்பிடி ஒதுக்கலாமா? நீயே சொல்லு.

இல்ல, நீ சொல்லாத. இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டேன். சொல்லிர்றேன். நீ தேனியில எறங்கிப் போயிருவ, எனக்கென்ன.

தம்பி ஏன் இப்பக் கூப்பிட்டான் தெரியுமா? அவன் பதினோரு மாசமா ரஞ்சனிகிட்டப் பேசிப் பேசி மனச மாத்தியிருக்கான். என்ன சொல்லி மாத்துனான்? எங்கக்காவுக்கு என்ன தெரியும், சேனை வைக்கையில அதுக்கு ஒதட்டுல ஒண்ணுமே இல்ல, மறுநாளுதான் வந்துச்சு, வரப் போகுதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும், தெரிஞ்சா வச்சிருக்குமான்னு. நாந்தான் அவன்கிட்ட அப்பிடிச் சொன்னேன். அன்னைக்கு ஒண்ணுமே இல்லப்பா, சுத்தமா ஒண்ணுமே இல்லன்னு. அழுதுக்கிட்டே சொன்னேன். அவன் நம்பிட்டான். ரஞ்சனியும் நம்பிருச்சு. மதினி பாவம், அவுகளுக்கு எப்பிடித் தெரியும்னு அதுவே சொல்லுச்சாம்.

நமநமன்னு இருந்துச்சு தாயி. அன்னைக்குக் காலையிலேருந்தே இருந்துச்சு. சீனிய நாக்குல வச்சுப் பாக்கையில ஒதட்டுல சுருக்குன்னுச்சு. இது நாளைக்குக் கொப்புளிக்கும்னு தெரியும் எனக்கு. பிள்ளைக்கு ஆகாதுன்னு தெரியாது. சாமி சத்தியமாத் தெரியாது. ஆனா புண்ணு வரப் போகுதுன்னு தெரியும். சொல்லியிருந்தா, மதினி, வாயில புண்ணோட எதுக்கு, எங்கம்மா வைக்கட்டும்னு ரஞ்சனி சொல்லியிருக்கும். அந்தம்மா முந்தானை முடிச்ச அவுத்துருக்கும். அதுக்குத்தான் சொல்லல. அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல.

இப்பப் புரியுதா ஏன் முழிக்கிறேன்னு? தம்பி, எனக்கு ஒதட்டுல நமநமங்குது, நாளைக்குப் புண்ணு வரும், அதுனால பிள்ளைகிட்ட வர மாட்டேன்னு இன்னைக்குச் சொன்னா என்ன அர்த்தம்? ஒருநா முன்னாடியே எனக்குத் தெரியும்னு அர்த்தம். அப்ப அன்னைக்கும் தெரிஞ்சிருக்கும்னு அர்த்தம். ரஞ்சனி அழுத்தக்காரி, ஒடனே கணக்குப் போட்டுரும். தம்பி கொஞ்சம் லேட்டாப் போடுவான். ஆனா போட்டுருவான்.

சும்மா எறங்கிப் போயிரலாம். ஒதட்டுல ஒண்ணும் தெரியாது. மாஸ்க்கக் கழட்டிக் காட்டலாம், பாருங்கப்பான்னு. பிள்ளைய மடியில வாங்கி, காதுகிட்ட வாயக் கொண்டுபோயி மூணு தடவ சொல்லிட்டு வந்துரலாம். இப்ப அவன் பெரிய பிள்ளை, பச்சப் பிள்ளை இல்ல, அந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நானும் படிச்சேன். படிச்சேன்தான். ஆனா அதையெல்லாம் படிச்சுப்புட்டு, நீ நீட்டுன பிள்ளையவே வாங்க முடியல என்னால.

உண்மையச் சொல்லிருங்கங்கிறியா? நீ சின்னப் பொண்ணு. சொல்லலாம். சொன்னா மன்னிச்சிருவாகன்னு நெனைக்கிற. மன்னிப்பாகளோ என்னமோ. ஆனா தெரியாம செஞ்ச அக்காவ அவனுக்குப் பிடிக்கும் தாயி. பதினோரு மாசம் அந்த அக்காவுக்காகத்தான் பொண்டாட்டிகிட்ட மல்லுக்கட்டியிருக்கான். அந்த அக்காவையும் பறிச்சுக்கிட்டா அவன்கிட்ட எனக்கு என்ன இருக்கு?

கண்டக்டர் தம்பி கத்துறாரு. இதுதானா? இதுதான். இந்தப் புளியமரந்தான். ஒரு பத்துப் பேரு எறங்குறாக, எல்லாம் எங்க கோயிலுக்குத்தான் இருக்கும்.

எறங்கல தம்பி. ஆமா, விலக்குக்குத்தான் எடுத்தேன். இப்ப எறங்கல. தேனிக்கு ஒண்ணு குடு. எதுக்குன்னா? சோலி இருக்கு.

தாயி. அந்தா பாரு. மரத்தடியில, நீலச் சட்டை. எந் தம்பி. என்னையக் கூப்பிட வந்து நிக்கிறான் பாரு. இடுப்புல... மொட்டை அடிச்சுட்டாக. சந்தனம் பூசிருக்கு. எம்புட்டுப் பெரிசா இருக்கான்! காலு ரெண்டும் தொங்குது பாரு, எங்க அப்பா மாதிரி நெட்டக் காலு. இங்கிட்டுப் பாக்குறான். பஸ்ஸப் பாக்குறான்டி. என்னைய இல்ல, பஸ்ஸ.

போன் அடிக்குது. அவந்தான். இந்தா, நீ கொஞ்சம் முன்னாடி சாஞ்சுக்க, என்னைய மறச்சுக்க.

அலோ. சொல்லுப்பா. இல்லப்பா, கடையிலதான் இருக்கேன். மொதலாளி விடல. சத்தமா? ரோட்டுல பஸ்ஸு போகுது. நேரம் போகுதுன்னா நீங்க குத்திருங்கப்பா. பேரா? ரஞ்சனி அம்மா இருக்காகள்ல, அவுகளச் சொல்லச் சொல்லு. அவுகளே சொல்லட்டும். இல்ல. அதெல்லாம் இல்ல. என்ன? ஆமா. ஆமான்னேன்ல. வச்சுர்றேன்.

விசிலு குடுத்துட்டாரு. பிள்ளை தூங்கிட்டானா? தூங்கட்டும், தூங்கட்டும். திரும்பிப் பாக்காத, அவன் இன்னும் அங்கனதான் நிப்பான், அடுத்த பஸ்ஸப் பாத்துக்கிட்டு. இல்ல, நிக்க மாட்டான். கடையில இருக்கேன்னு சொல்லிட்டேன்ல.

கடைசியில என்ன கேட்டான் தெரியுமா? இன்னும் எங்க மேல கோவமா அக்கான்னான். ஆமான்னுட்டேன். கோவம்னா என்னைக்காவது தணியும்னு காத்துக்கிட்டாவது இருப்பான் தாயி.